உள்பக்கத் தாழ்ப்பாள்

பழி முழுக்க என் மேல்தான். ஃபீபி கேட்டாள், நான் ஆமாம் என்றேன். அதுவும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

செப்டம்பர் மாதத்து இரண்டாம் வெள்ளி. உதவி தேவைப்படுகிறவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டே சென்டர் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, சக்கர நாற்காலி இறக்கும் பலகையைத் தாழ்த்திக்கொண்டிருந்தேன். ஃபீபி தெற்கே ஏதோ கடற்கரை ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வந்து மூன்றே வாரம். இருபத்துநாலு வயதிருக்கும். மழையில் குடை பிடிக்கத் தெரியாத பெண். எங்கள் காற்றில் அவள் குடை இரண்டு ஏற்கெனவே எலும்பு முறிந்து குப்பைக்குப் போயிருந்தன.

"ஹாரி, நெவில் ஒண்ணு சொல்றார். ராத்திரி அவங்க அக்கா அவரை ஷெட்ல வெச்சு வெளியே பூட்டிடறாங்களாம். நிஜமாவா?"

"ஆமா. சூடா சூப்பும் குடுத்துத்தான் பூட்டுவாங்க. செப்டம்பர் மாசம்லா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஹெஸ்லப்பில் யாரிடம் எதைக் கேட்டாலும் 'செப்டம்பர்' என்பது முழுப் பதில். இங்கே செப்டம்பர் என்றால் லீக்ஸ், வெங்காய இனத்துத் தண்டுக் காய். கடையில் கட்டி வைத்திருக்கும் ஒல்லிக் குச்சியைச் சொல்லவில்லை. தோட்டத்துக் குழியில் வளர்க்கும் இது குட்டையாக, தொடைப் பருமனுக்குத் திரண்டு நிற்கும். மூன்றாம் சனிக்கிழமை கிளப்பில் போட்டி. ஜோடி ஜோடியாக மேசையில் வைத்து அளப்பார்கள். நிலக்கரிச் சுரங்கத்தை மூடி முப்பது வருஷம் ஆகிவிட்டது. இந்தப் போட்டியை மூட எவனுக்கும் தைரியம் வரவில்லை. அதற்கு முந்தைய பத்து நாள் பாதி ஊர் தோட்டத்து ஷெட்டில்தான் படுக்கும், ஏனென்றால் பொறாமை பிடித்த எவனாவது கத்தியோடு வேலி தாண்டுவான். ஒரு கீறல் விழுந்தால் ஒரு வருஷ உழைப்பு சூப்புக்குத்தான்.

என் பெயர் ஆறுமுகம், ஊர் அம்பாசமுத்திரம். இங்கே வந்த முதல் வாரமே ஹாரி ஆக்கிவிட்டார்கள். வட இங்கிலாந்தில் டர்ஹாம் மாவட்டத்து கவுன்சிலுக்கு இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். இவர்கள் பேசுவது எனக்கு எங்கள் தாமிரபரணிக் கரைப் பேச்சாகத்தான் காதில் விழும், அப்படியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஹெப்பிள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். வழக்கமாக நெவில் எனக்கு முன்னால் நிற்பான். ஐம்பத்தொன்பது வயது, பிறவியிலேயே புத்தி மெதுவாக நடக்கும் ஆள், ஆனால் நின்றுவிடாது. கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு, "ஹாரி, ராணி அரை இஞ்சு பெருத்துட்டா" என்று சொல்லிக்கொண்டே ஏறுவான். ராணி என்பது அவனுடைய லீக்ஸ். நாலுக்கும் பெயர் உண்டு.

அன்றைக்கு அவனுடைய அக்கா தெல்மா மட்டும் நின்றாள். எழுபத்திரண்டு வயது, கோழி எலும்பு உடம்பு, ஆனால் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும்.

"நீயாலே ஹாரி?"

"என்ன நானா?"

"அந்தப் புதுப்புள்ள ஃபீபி போன் போட்டா. மறைக்காமச் சொல்லுதா, அந்த மட்டுக்கும் நல்லவ. என் தம்பிய நான் அடைச்சு வைக்கேன்னு கவுன்சிலுக்கு எழுதிட்டாளாம். பஸ் ஓட்டுதவரும் ஆமான்னாராம். இந்த ஊர்ல எத்தன பேருலே பஸ் ஓட்டுதீங்க?"

"நான் சும்மா... கொடுமைன்னு ஒண்ணும் சொல்லலியே."

"பூட்டுதான்னு சொன்னியா, இல்லியா?"

"செப்டம்பர்னும் சொன்னேன்."

"செப்டம்பர எழுதல அவ! பூட்ட மட்டும் எழுதிட்டா!"

எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. தெல்மா அந்தப் பக்கம் திரும்பி, "நல்லாப் பாருங்க, டிக்கெட்டு கெடையாது!" என்று கத்திவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"புதன்கெழம ஒருத்தி விசாரிக்க வாரா. டார்லிங்டன்ல எடம் வெச்சிருக்காவ, இவன மாதிரி ஆளுகளுக்கு. சனிக்கெழமைக்கு முந்தி எடுத்துட்டுப் போயிட்டான்னா? ஒருதரம் எடுத்துட்டுப் போனவங்கதாம்லே. எனக்குத் தெரியாதா அவங்கள?"

அது எனக்கும் தெரியும். நெவிலுக்கு எட்டு வயதாக இருந்தபோது, கவுன்சில்காரர்கள் மேட்டுக் காட்டில் இருந்த பெரிய மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். மூன்று வருஷம் கழித்து ஸ்டான் ஹெப்பிள் பெண் கேட்டு வந்தபோது தெல்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தம்பியை வெளியே கொண்டு வா, கட்டிக்கிடுதேன். ஸ்டான் கொண்டு வந்தான். தன் பேரையும் கொடுத்தான். அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

திங்கட்கிழமைதோறும் தெல்மா எனக்கு ஒரு பொதி தருவாள். தட்டை ரொட்டியைப் பிளந்து, பன்றித் தொடைக்கறி வைத்து, மேலே மஞ்சள் பட்டாணிக் கூழை அப்பியது. முதல் வருஷம் முகத்தைச் சுளித்தேன். இப்போது திங்கட்கிழமையானால் நாக்கு ஊறுகிறது. அன்றைக்குப் பொதி வரவில்லை. நெவிலை ஏற்றிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை கவுன்சிலிலிருந்து எனக்கே போன் வந்தது. பேர் கேரிஸ், சமூகப் பணியாளர், குரலில் வேல்ஸ் நாட்டு ராகம்.

"நெவில்கிட்ட நான் தனியா பேசணும். கேள்வியே அவங்க அக்காவைப் பத்திங்கறதால அவங்க கூட இருக்க முடியாது. ஆனா அவருக்குத் துணையா ஒருத்தர் வேணும். ஆள் இல்லேன்னா நாங்களே ஏற்பாடு பண்ணியாகணும், சட்டம் அப்படி. யார் வேணும்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னார்."

"நானா? நான்தான் கெடுத்தவன்."

"அவர் அப்படி நினைக்கலை. ஒண்ணே ஒண்ணு: அவருக்காக நீங்க பதில் சொல்லக் கூடாது. அவர் சொல்றது எனக்குப் புரியலைன்னா மட்டும் வாயைத் திறங்க."

வாயை மூடியிருப்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. சரி என்றேன்.

புதன்கிழமை காற்று ஆளைத் தள்ளியது. மழை நேராகப் பெய்யாமல் பக்கவாட்டில் பெய்தது. கேரிஸ் நாற்பது வயதுக்காரி, சேற்றுக்கென்றே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் காரில் வைத்திருந்தாள்; அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. தெல்மா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பில் லீக்ஸ் புட்டிங் வெந்துகொண்டிருந்தது. கோபமாக இருக்கும்போதுதான் அவள் அதிகமாகச் சமைப்பாள்.

"நான் இல்லாம அவன்ட்ட யாரும் பேசுனதில்ல. அம்பது வருஷமா."

"அதுக்காகத்தான் தெல்மா, இன்னிக்குப் பேசணும்."

"ஒனக்கு என்ன அதிகாரம்?"

"அதிகாரம்னு சொல்ல முடியாது, கடமை. கவனிப்பு தேவைப்படற ஒருத்தருக்குத் தீங்கு நடக்கலாம்னு காதுல விழுந்துட்டா கவுன்சில் விசாரிச்சே ஆகணும். விசாரிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற உரிமை எனக்குக் கிடையாது."

"ஒங் கடமையக் கொண்டு ஓடையில போடு."

"போட்டுடறேன். முதல்ல நெவில்கிட்ட பேசிடறேன்."

தெல்மா என்னைப் பார்த்த பார்வையில் பச்சைமரம் பற்றியிருக்கும். நாங்கள் தோட்டத்துக்குப் போனோம்.

ஷெட் என்பது பழைய கதவுகளையும் தகரத்தையும் சேர்த்து ஸ்டான் அடித்தது. உள்ளே ஒரு கட்டில், மூன்று கம்பளி, ஒரு ரேடியோ, மூலையில் வாளி. கதவின் வெளிப்பக்கத்தில் கொண்டி. கொண்டியில் கைப்பிடி அளவுக்குப் பித்தளைப் பூட்டு திறந்தபடி தொங்கிற்று. கேரிஸ் அதைத் தொடவில்லை, பார்த்தாள். நெவில் குழி ஓரத்தில் மண்டியிட்டு, ஸ்டானின் பழைய பனியனைத் தண்ணீரில் நனைத்து இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இலையிலும் கிளப் கமிட்டி குத்திய முத்திரை இருந்தது. கடைசி வாரத்தில் வேறெங்கோ வாங்கிக்கொண்டு வந்து வைக்கக் கூடாதல்லவா.

"இது பெரியவன், இது ராணி. ரெண்டும் ஜோடி. இது ஸ்டான். அது நொண்டி," என்று அறிமுகப்படுத்தினான்.

"எங்க ஊர்ல மார்ச் ஒண்ணாம் தேதி லீக்ஸைச் சட்டையில குத்திக்கிட்டுப் போவோம்," என்றாள் கேரிஸ்.

நெவில் துடைப்பதை நிறுத்தினான். "சட்டையிலயா?"

"ஆமா. பெருமைக்கு."

"செத்துப்போவும்லா!"

"போகும்தான்."

நெவில் என்னைப் பார்த்தான். பாவம், இவள் எப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று அவன் கண்ணில் இரக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவளிடம் ரொம்பப் பொறுமையாகப் பேசினான்.

மழை வலுத்ததால் உள்ளே போய்க் கட்டிலில் அமர்ந்தோம். கேரிஸ் நோட்டைத் திறக்கவே இல்லை.

"ராத்திரி இங்க படுக்கிறது யார் ஆசை?"

"என் ஆசை. ஸ்டானும் நானும் படுப்போம். இப்ப நான் மட்டும்."

"குளிருமே."

"மூணு கம்பளி. சூப்பு."

"யாராவது வந்தா?"

"வருவான். கத்தி வெச்சிருப்பான்."

"கதவை யாரு பூட்டறா?"

"எக்கா."

"ரொம்ப வருஷமாவா?"

"போன செப்டம்பர்ல இருந்து."

எனக்கு அது புதுச் செய்தி. எப்போதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"அது உங்களுக்குப் பிடிச்சிருக்கா நெவில்?"

அவன் கம்பளியின் நூலைப் பிரிக்க ஆரம்பித்தான். என் நாக்கு துடித்தது. திருடனுக்காகப் பூட்டுகிறார்கள் அம்மா, இதில் பிடிக்கிறது பிடிக்காதது என்ன இருக்கிறது என்று சொல்லப் போனேன். கேரிஸ் ஒரு விரலைத் தூக்கினாள். வாயை மூடிக்கொண்டேன். தகரத்தில் மழை அடித்தது. இந்தப் பெண் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பாள் என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவள் இருந்தாள்.

"டக்குன்னு சத்தம் கேக்கும்," என்றான் நெவில். "பூட்டு சத்தம். பெரிய ஆஸ்பத்திரிலயும் அப்படித்தான். டக்கு. அப்பறம் கூப்புட்டாலும் யாரும் வரமாட்டாவ."

"இதை அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எக்கா அழுவா. ஹாரிட்டச் சொன்னேன். அஞ்சு தரம் சொன்னேன். ஹாரி சிரிச்சான்."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னான். ஆமாம், சொன்னான். பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் "எக்கா பூட்டுதா ஹாரி" என்றான். "நல்லதுதாம்லே, ராணிய எவனும் தூக்கிட்டுப் போவமாட்டான்" என்று நான் முதுகில் தட்டினேன். அவன் இதையே கிளப்பில் சொன்னபோதும் எல்லோரும் முதுகில் தட்டினார்கள். செப்டம்பரில் எங்கள் எல்லார் காதிலும் லீக்ஸ் அடைத்திருக்கிறது. குடை பிடிக்கத் தெரியாத ஒரு பெண் மூன்றே வாரத்தில் கேட்டுவிட்டாள்.

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்? பூட்டே வேண்டாமா?" என்றாள் கேரிஸ்.

"வேணும்!" நெவில் பதறிப்போய் எழுந்தான். "பூட்டு வேணும். கத்தி வெச்சிருப்பான்லா?" பிறகு கதவின் உள்பக்கத்தில், மரத்தில் ஒரு இடத்தைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினான். "இங்கன."

கேரிஸ் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வேலி தாண்டுகிற சத்தம் கேட்டால் என்ன செய்வாய்? தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினால் என்ன ஆகும்? இதே கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்டாள். அவன் யோசித்து யோசித்துச் சொன்னான்: மணி அடிப்பேன், அக்கா வருவாள், நான் வெளியே போக மாட்டேன், ரோட்டுக்குப் போனால் லாரி.

"லாரின்னா?" என்றாள் அவள்.

நெவில் வாயை இறுக மூடிக்கொண்டான்.

அந்த லாரியை தெல்மாதான் சொன்னாள். சமையலறையில் கேரிஸ் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னதும், தெல்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். சண்டைக்குத் தயாராக வைத்திருந்த முகம் அப்படியே கழன்று விழுந்தது.

"அவன் அப்படியா சொன்னான்? டக்குன்னா?"

"ஆமா."

"அந்த ஆஸ்பத்திரி மாதிரின்னா?"

கேரிஸ் தலையாட்டினாள்.

"போன செப்டம்பர்ல எவனோ வேலியத் தாண்டுதான்னு இவன் எந்திச்சு ஓடியிருக்கான்," என்றாள் தெல்மா. "பைஜாமா. வெறுங்காலு. பெரிய ரோட்டுல நடுக்கோட்டுல நடந்துகிட்டிருந்தான்னு லாரிக்காரன் கொண்டாந்து வாசல்ல விட்டான். ஒரு சாண் இடைவெளிம்மா, ஒரு சாண்னான். அன்னைல இருந்து பூட்டுனேன். பூட்டுனாத்தான் எனக்குக் கண்ணு அடையும்."

"அதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்கள்லா!"

"இப்ப சொல்லிட்டீங்க. நான் யாரையும் எடுத்துட்டுப் போகலை." கேரிஸ் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டாள். "ஆனா வெளிப்பூட்டு இன்னியோட நிக்கணும் தெல்மா. இதுல பேச்சே இல்லை. அன்பால பூட்டினாலும் அது பூட்டுதான். நாளைக்குத் தீப்பிடிச்சா அவர் எப்படி வெளியே வருவார்?"

தெல்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள தாழ்ப்பாள், வீட்டு வரைக்கும் ஒரு மணி. ஷெட்ல படுக்கிறது அவர் முடிவு. நல்லது கெட்டது அவருக்குப் புரியுது, கேட்டுப் பார்த்துட்டேன்."

"இந்தக் குளிர்ல ஷெட்ல படுக்கது ஒரு முடிவா? கிறுக்குத்தனம்லா?"

"கிறுக்குத்தனமான முடிவு எடுக்கவும் மனுஷனுக்கு உரிமை உண்டு. சட்டத்துலயே எழுதியிருக்கு."

தெல்மா மூக்கை உறிஞ்சினாள். "அத எழுதுனவன் ஹெஸ்லப்புக்காரனாத்தான் இருப்பான்."

முதலில் சிரித்தது நான்தான். கேரிஸ் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். "இது உங்களுக்கு."

"எனக்கெதுக்கு? எனக்கென்ன கழண்டிருச்சா?"

"அவரைப் பார்த்துக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னு பார்க்கறதும் எங்க கடமை. முதல் கேள்வி: கடைசியா முழு ராத்திரி எப்போ தூங்கினீங்க?"

தெல்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டாள். "ஸ்டானப் பொதைச்ச அன்னைக்கு. டாக்டரு மாத்திர குடுத்தாரு," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அடுப்பில் புட்டிங் அடிப்பிடித்தது, நான்தான் இறக்கி வைத்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் தாழ்ப்பாள், திருகாணி, இருபது கஜம் கயிறு எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். நெவில் கட்டை விரலால் அழுத்திக் காட்டிய இடத்திலேயே துளை போட்டேன். வெளிக்கொண்டியைக் கழற்றும்போது ஆணி துருப்பிடித்து வர மறுத்தது. தெல்மாவே கடப்பாரை கொண்டு வந்து நெம்பிப் பிய்த்தாள். கயிற்றின் மறுமுனையை அவள் படுக்கையறை ஜன்னலில் பள்ளிக்கூட மணி ஒன்றில் கட்டினோம். நெவில் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டான், திறந்தான், போட்டான். நாற்பது தடவை இருக்கும். "எண்ணெய் விடு ஹாரி, இறுக்கமா இருக்கு" என்று எனக்கே வேலை ஏவினான்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவுக்குள் பஸ்ஸே நுழைய முடியவில்லை. பைஜாமாவும் மழைக்கோட்டுமாக ஊரே ஹெப்பிள் வீட்டு முன் நின்றது. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய்விட்டானா, லாரியா என்று பஸ்ஸை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

கூட்டத்துக்கு நடுவில் தெல்மா, கையில் கரி அள்ளும் மண்வாரி, காலில் இரண்டு வேறு வேறு செருப்பு. முகம் தீபாவளி மாதிரி இருந்தது.

"மணி அடிச்சாம்லே ஹாரி! மூணு மணிக்கு! ஊரே முழிச்சிருச்சு, இன்னும் ஒருத்தனும் வீட்டுக்குப் போவல!"

"நெவில் எங்க?"

"உள்ள! வெளிய வரவே இல்ல! அவன் குழிக்குள்ள எறங்கி அறுக்கான், இவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கயித்த இழுக்கான், இழுக்கான், கயிறு அறுந்து போச்சு. நான் மண்வாரியோட வந்தேன். ஒரே போடு!"

"அடிச்சீங்களா?"

"வேலிய அடிச்சேன். அவன் தாவி ஓடிட்டான். இந்தா பாரு!" என்று ஒரு ஒற்றைப் பூட்ஸைத் தூக்கிக் காட்டினாள். பத்தாம் நம்பர், இடது கால். கூட்டத்தில் ஒவ்வொரு ஆணும் தன் காலைப் பார்த்துக்கொண்டான். "கிளப்புல வாசல்லயே வைக்கப் போறேன். நாளைக்கு எவன் நொண்டிட்டு வாரான்னு பாக்கேன்."

நெவில் குழி ஓரத்தில் இருந்தான். ராணி நடுவில் அறுந்து கிடந்தாள். மற்ற மூன்றுக்கும் சேதமில்லை. அவன் அறுந்த துண்டை மடியில் வைத்திருந்தான், கண் சிவந்திருந்தது.

"சத்தம் கேட்டுச்சு ஹாரி. அறுக்குத சத்தம். நரநரன்னு."

"ம்."

"நான் போவல. ராணிதான்னு தெரியும். போவல. எக்கா வந்து நெவில்னு சொன்னப்பறம்தான் தெறந்தேன்."

ஊரில் எந்த ஆண்பிள்ளைக்கும் முடிந்திருக்காது. எனக்கு முடிந்திருக்காது. அவன் முதுகில் தட்டக் கையைத் தூக்கினேன், பிறகு தட்டாமல் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெரியவனுக்கு ஸ்டான் ஜோடி சேருவான். கொஞ்சம் குட்ட. பரவால்ல," என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் மூச்சு விட இடமில்லை. கறுப்புத் துணி விரித்த மேசையில் முப்பத்தாறு ஜோடி. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வேரைக் கூடக் கழுவிச் சீவி வைத்திருந்தார்கள். வாசலில் அந்தப் பூட்ஸ். பக்கத்தில் தெல்மா காவல். கமிட்டித் தலைவர் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். இருபதாம் இடம், பத்தாம் இடம். நெவில் பேர் வரவில்லை. எட்டு, ஏழு. தெல்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. ஆறு, ஐந்து.

"நாலாவது இடம், நெவில் ஹெப்பிள்!"

கிளப் கூரை எகிறியது. மேசையைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். பரிசு ஒரு கம்பளி. நெவில் அதை வாங்கிக்கொண்டு, தலைவரிடம், "இப்ப நாலு கம்பளி ஆயிருச்சு," என்று கணக்குச் சொன்னான்.

ஃபீபி மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். வரலாமா என்று என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டு வந்தவள். தெல்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக அவளிடம் போனாள். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீதான அது?"

"ஆமா," என்றாள் ஃபீபி. காது சிவந்துவிட்டது.

தெல்மா பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து அவள் கையில் திணித்தாள். என் திங்கட்கிழமைப் பொதி! வாசனையிலேயே தெரிந்தது. "சாப்புடு. எலும்புந் தோலுமா இருக்க. நீ எழுதுனது சரிதான் தாயி." திரும்பி நாலடி நடந்துவிட்டு மறுபடி வந்தாள். "ஆனா அடுத்த தடவ செப்டம்பரையும் சேத்து எழுது!"

அந்தக் கலகலப்பில் நெவில் காணாமல் போனதை யாரும் பார்க்கவில்லை. எங்கே போயிருப்பான் என்று எனக்கும் தெல்மாவுக்கும் தெரியும். கிளப்பில் காய்ச்சிய சூப்பை ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டு அவள் நடந்தாள். நான் பின்னால் போனேன். மழை விட்டு வெயில் சாய்ந்திருந்தது.

தோட்டத்துக் குழியில் நொண்டி மட்டும் தனியாக நின்றது. இனி காக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் ஷெட் கதவு சாத்தியிருந்தது. தெல்மா கொண்டி இருந்த இடத்துக்குக் கையைக் கொண்டு போனாள், பழக்கம். அங்கே நாலு ஆணித் துளைதான் இருந்தது. தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கொஞ்சம் யோசித்துவிட்டு விரல் கணுவால் மெல்லத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து.

தெல்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது வருஷத்தில் நெவிலிடம் யாரும் கதவைத் தட்டிக் கேட்டதில்லை. எந்தக் கதவும் அவனுடையதாக இருந்ததில்லை.

"நாந்தாம்லே, தெல்மா."

"என்ன வேணும்?"

"சூப்பு கொண்டாந்திருக்கேன்."

உள்ளே ரேடியோ பாடிற்று. கட்டில் கிறீச்சிட்டது. அவன் அவசரப்படவில்லை.

"கொஞ்சம் பொறு எக்கா," என்றான்.

"கேட்டியா ஹாரி," என்றாள் தெல்மா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. "பொறுக்கச் சொல்லுதான்."

தூக்கு ஆறிவிடாமல் கழுத்துச் சால்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்று பொறுத்தாள்.